கர்னல் ஓட்டை: சர்வரை நிறுத்தாமல் பத்து நாள் காக்க வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. நாற்பது மாணவர்களுக்குக் கணக்கு உள்ள எங்கள் ஆய்வகச் சர்வர் டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பில் இயங்குகிறது. அதில் இன்னும் 6.1.69 கர்னல்தான் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஓடுகிறது என்பதை நேற்றுதான் கவனித்தேன். அதாவது சி.வி.இ-2024-1086 என்று எண்ணிடப்பட்ட பாதுகாப்பு ஓட்டை அடைபடவில்லை. ஏற்கெனவே விடுவித்த நினைவகத்தை, பிணையப் போக்குவரத்தை வடிகட்டும் கர்னல் பகுதியான என்எஃப்_டேபிள்ஸ் மீண்டும் விடுவிக்கும் பிழை அது. சாதாரணக் கணக்கிலிருந்தே ஒருவர் ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) ஆகிவிடலாம். தாக்குவதற்கான நிரல் 2024 மார்ச்சிலேயே வெளியாகிவிட்டது.

திருத்தம் உள்ள கர்னலை நிறுவிவிட்டேன். ஆனால் மறுதொடக்கம் செய்தால்தானே அது நடைமுறைக்கு வரும்? ஒரு மாணவியின் கணக்கீடு மூன்று வாரமாக ஓடுகிறது, முடிய இன்னும் பத்து நாள் ஆகும். இடையில் சேமிக்கும் வசதி அந்த நிரலில் இல்லை. அந்த உழைப்பை வீணாக்க மனம் வரவில்லை. மற்றவர்களின் தரவைத் திறந்துபோட்டு வைக்கவும் முடியாது.

சாதாரணக் கணக்கிலிருந்து என்எஃப்_டேபிள்ஸை எட்ட, யூசர் நேம்ஸ்பேஸ் (தனக்குள் மட்டும் ரூட் அதிகாரம் தரும் தனி வெளி) தேவை. அவற்றின் உச்சவரம்பைப் பூஜ்ஜியமாக்கினால் புதியவை உருவாகாது. ஆனால் மாணவர்கள் ரூட் இல்லாமல் ஏற்கெனவே இயக்கிவரும் பாட்மேன் கண்டெய்னர்களுக்குள் (இத்தகைய நேம்ஸ்பேஸில் நிரல்களைத் தனியே ஓட்டும் பெட்டிகள்) இருந்து தாக்க முடியுமல்லவா? அவற்றையும் நிறுத்திவிடுவதுதான் சரியா? ஃபயர்வால் என்எஃப்_டேபிள்ஸை நம்பியிருப்பதால் அந்த மாட்யூலை முடக்கவும் வழியில்லை.

டெபியனில் கேபேட்ச் (மறுதொடக்கம் இல்லாமலே ஓடும் கர்னலைத் திருத்தும் கருவி) கொண்டு இதை அடைத்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். இன்றிரவு முடிவெடுக்க வேண்டும்.