துணியில் கட்டிச் சுமப்பது: புதுப்பிப்பு

பிறந்த குழந்தையைத் துணியில் கட்டிச் சுமக்கும்போது தலை ஒரு பக்கமாகச் சரிகிறதே என்று முன்பு கேட்டிருந்தேன், இப்போது சரியாகிவிட்டது. எங்களுடையது இழுபடும் துணி, அதனால் குழந்தையை வைப்பதற்கு முன்பே உடம்போடு ஒட்டும்படி இறுக்கிக் கட்டிவிடுகிறேன். குனிந்தால் உச்சந்தலையில் முத்தம் கொடுக்கலாம், அந்த உயரம்தான் சரி. முழங்கால்கள் பின்புறத்தைவிடச் சற்று மேலே, தவளை மாதிரி. அப்புறம் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிறதா என்று அடிக்கடி பார்க்கிறேன், ஏனென்றால் தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுப்பாதை அடைபடலாம், சத்தமே வராது, இதில் மட்டும் சமரசமே இல்லை. முகம் எப்போதும் கண்ணில் படவேண்டும். அடுப்புப் பக்கம் போவதென்றால் இறக்கிவிடுகிறேன். உங்களுடையது குறைமாதக் குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.