கடலுக்குக் கட்டுப்பாட்டு விதி எழுத முடியுமா?

பாம்பன்_வாடை:
மீன்பிடித் தடைக்காலம் பற்றிய பேச்சில் கீழக்கரை காக்கா ஒரு வரி போட்டிருந்தார்: "சைபர்னெடிக்ஸ் பீரங்கிக்காகப் பிறந்த கணக்கு, அதை மீனவர் வாழ்க்கைக்குள் கொண்டுவராதீர்கள்." அதை மறுக்கத்தான் இந்தத் திரி. சைபர்னெடிக்ஸ் என்பது பின்னூட்டத்தை, அதாவது விளைவைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்வதை, இயந்திரத்திலும் உயிரிலும் ஒன்றாக ஆராயும் துறை.

போரில் பிறந்தது உண்மைதான். பறக்கும் விமானம் அடுத்த சில விநாடிகளில் எங்கே இருக்கும் என்று கணிக்கும் வேலையில் கணிதக்காரர் நார்பர்ட் வீனரும் பொறியாளர் ஜூலியன் பிகலோவும் இருந்தார்கள். அதிலிருந்துதான் உடலியல் ஆய்வாளர் ரோசன்புளூத்தோடு சேர்ந்து எழுதிய 1943 கட்டுரையும், வீனரின் 1948 புத்தகமும் வந்தன. ஆனால் வேர் அதற்கும் முந்தையது. கப்பலைத் தானாகத் திருப்பும் கருவிக்கு 1922-இல் கணக்குப் போட்ட மினோர்ஸ்கி, சுக்கான் பிடிப்பவர்களைப் பார்த்துத்தான் போட்டார். வாடைக்காலத்தில் பாம்பன் கால்வாயில் வள்ளம் ஓட்டுகிறவரின் கையைக் கவனியுங்கள். அணியம் (படகின் முன்பக்கம்) விலகி முடியும்வரை அவர் காத்திருப்பதில்லை. நீவாடு (கடல் நீரோட்டம்) தள்ள ஆரம்பித்ததுமே கை சுக்கானைத் திருப்பிவிடுகிறது. அணியம் நேராவதற்குக் கொஞ்சம் முன்பே கை தளர்ந்துவிடும். எவ்வளவு விலகல், எவ்வளவு நேரமாக விலகல், எவ்வளவு வேகமாக விலகல்: மினோர்ஸ்கியின் சமன்பாட்டில் இருப்பவை இந்த மூன்றும்தான். இன்று ஆலைகளில் ஓடும் பெரும்பாலான கட்டுப்பாட்டுக் கருவிகளிலும் அதே மூன்றுதான்.

இப்போது நம் விதிக்கு வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக்கூடாது. கடலில் என்ன நடந்தாலும் அதே தேதி. விளைவைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ள அந்த விதிக்கு வழியே இல்லை. இது கண்ணைக் கட்டிக்கொண்டு சுக்கான் பிடிப்பது போன்றது.

கீழக்கரையான்:
தம்பி, வள்ளக்காரருக்குப் போக வேண்டிய இடம் தெரியும். அதை முடிவு செய்தவரும் அவரே. கடலுக்கு அந்தக் குறியை வைப்பது யார்? ஏற்றுமதிக்காரருக்கு ஒரு குறி, கரைவலைக்காரருக்கு ஒரு குறி, மீன்வளத் துறைக்கு ஒரு குறி. பின்னூட்டம் என்பதே குறி முடிவான பிறகு வருகிற பேச்சு. இங்கே சண்டை குறியைப் பற்றியது, அதைச் சமன்பாடு தீர்க்காது.

வீனரே இதில் தயங்கியவர். 1946 முதல் 1953 வரை நடந்த மேசி மாநாடுகளில் மூளை ஆய்வாளர், கணிதக்காரர், மானுடவியலாளர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். மார்கரெட் மீடும் கிரிகரி பேட்சனும் இந்தக் கருத்துகள் சமூகத்தின் நோய்க்கு மருந்தாகும் என்று நம்பினார்கள். வீனர் 1948 புத்தகத்திலேயே அந்த நம்பிக்கை தனக்கு இல்லை என்று எழுதிவிட்டார். சமூகத்தில் கிடைக்கும் புள்ளிவிவரம் குறுகியது, நிலைமை மாறிக்கொண்டே போகிறது, ஆராய்கிறவரும் அதற்குள்ளேயே இருக்கிறார் என்பது அவர் வாதம். ஏவுகணை வேலைக்குத் தன் ஆய்வைத் தரமாட்டேன் என்று 1947-இல் பகிரங்கமாகக் கடிதம் எழுதியவரும் அவர்தான். அந்தப் பயம்தான் எனக்கும். படகு இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டர் பெட்டியைப் படகில் வைப்பது உயிரைக் காக்கும், அதை வரவேற்கிறேன். ஆனால் அதே பெட்டி நாளைக்கு ஒரு படகை மானியப் பட்டியலிலிருந்து நீக்கவும் பயன்படலாம். அப்போது அந்தக் குடும்பம் யாரிடம் போய் நிற்கும்?

தொண்டி_பண்ணை:
இறால் பண்ணையில் வேலை பார்க்கிறேன், அங்கிருந்து ஒன்று சொல்கிறேன். தீனி போடும்போது செக் ட்ரே என்கிற சோதனைத் தட்டிலும் கொஞ்சம் வைத்துக் குளத்தில் இறக்குவோம். ஏறக்குறைய 2 மணி நேரம் கழித்துத் தூக்கினால் எல்லாம் தெரியும். ட்ரே துடைத்த மாதிரி இருந்தால் அடுத்த வேளை கூட்டுவோம், தீனி மிஞ்சியிருந்தால் குறைப்போம். இறாலின் குடல் கோடு நிறைந்திருக்கிறதா, விட்டுவிட்டு இருக்கிறதா என்றும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். பதில் சீக்கிரம் வருவதால்தான் இந்த முறை வேலை செய்கிறது.

கடலில் பதில் தாமதமாக வரும். இந்த வருஷம் குஞ்சை அள்ளினால் அதன் பலன் அடுத்த வருஷமோ அதற்குப் பிறகோதான் தெரியும். தாமதமான பின்னூட்டம் திருத்தாது, ஆட்டம் காண வைக்கும். வீனரும் பிகலோவும் ரோசன்புளூத்திடம் கேட்டது இதைத்தான்: இலக்கைத் தாண்டிப் போய், திரும்ப வந்து, மறுபடி தாண்டி ஆடுகிற நோய் மனித உடலில் உண்டா? உண்டு, சிறுமூளையில் அடிபட்டவர் பென்சிலை எடுக்கப் போனால் கை அப்படித்தான் ஆடும் என்றார் அவர். இயந்திரமும் நரம்பும் ஒரே கணக்கில் வந்தது அந்த இடத்தில்தான்.

இன்னொன்று, விசைப்படகில் மீன் குறைந்தால் யாரும் மீன்பிடிப்பைக் குறைப்பதில்லை. கடன் வட்டி நிற்காதே! இன்னும் தூரம் போகிறார்கள், பெரிய இன்ஜின் வைக்கிறார்கள், மடியின் (வலைப்பையின்) கண்ணைச் சிறிதாக்குகிறார்கள். மீன் இன்னும் குறைகிறது. இதுவும் பின்னூட்டம்தான், ஆனால் விலகலை வளர்க்கிற வகை. பத்து சென்சார் போட்டாலும் வட்டியைத் தொடாமல் இது நிற்காது, வாடை அண்ணே.

மண்டபம்_ஆசிரியை:
சைபர்னெடிக்ஸ் என்றாலே மேலே ஒருவர் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவது என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ராஸ் ஆஷ்பி 1956-இல் எழுதியது இதற்கு நேர் எதிர். ஒன்றைக் கட்டுப்படுத்த வேண்டுமானால், அது எத்தனை விதமாக மாறுமோ அத்தனை விதமாகப் பதில் சொல்லக் கட்டுப்படுத்துகிறவருக்கும் வகை வேண்டும். வாடையில் (வடகிழக்குக் காற்றில்) பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், சோழகத்தில் (தென்மேற்குக் காற்றில்) மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கடல். சென்னையில் போடும் ஒரே தேதிக்கு அந்த வகை போதாது. அங்கங்கே முடிவெடுக்க வேண்டும் என்பது ஆஷ்பியின் கணக்கிலிருந்தே வருகிறது.

பிரிட்டிஷ் சைபர்னெடிக்ஸ் நிபுணர் ஸ்டாஃபோர்ட் பியர் 1971-இல் சிலிக்குப் போய்ச் செய்ய முயன்றதும் அதுதான். ஆலைகளை டெலெக்ஸ் (தட்டச்சுச் செய்தி அனுப்பும் கருவி) மூலம் இணைத்தார். ஒரு ஆலையின் எண் பிசகினால் முதலில் அந்த ஆலைக்குத்தான் தகவல், குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் மட்டும் மேலே போகும். 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர் வேலைநிறுத்தம் வந்தபோது, ஓடுகிற லாரி எங்கே இருக்கிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை அந்த டெலெக்ஸ்தான் சொன்னது.

கீழக்கரையான்:
டீச்சர், சிலியை நானும் மதிக்கிறேன். ஆனால் ஆலைகளின் மாதிரியை வரைந்தது பெரும்பாலும் பொறியாளர்கள், தொழிலாளரிடம் உட்கார்ந்து கேட்டது குறைவு. 1973 செப்டம்பர் 11 ராணுவப் புரட்சியோடு எல்லாம் முடிந்தது. சோவியத்தில் 1950-களின் தொடக்கத்தில் இதைப் போலி அறிவியல் என்று திட்டினார்கள், அப்புறம் தலையில் தூக்கி வைத்தார்கள். அங்கே கணினி அறிவியலாளர் குளுஷ்கோவ் நாடு முழுவதுக்கும் திட்டமிட்ட கணினி வலைக்கு அமைச்சகங்களே முட்டுக்கட்டை போட்டன. தன் எண்ணை இன்னொருவன் கையில் கொடுக்க எவனுக்கும் மனமில்லை.

இங்கேயும் டீசல் மானியத்தைப் பிடிப்பின் எண்ணோடு கட்டினால், ஏலக்கூடத்தில் எழுதுகிற எண் அன்றைக்கே வளைந்துவிடும்.

பாம்பன்_வாடை:
எண்ணை எழுதுகிறவரே விதியையும் போடட்டும் என்றால் அது வளைய என்ன தேவை, காக்கா? கவனிக்கிறவரையும் கணக்குக்குள் சேர்க்க வேண்டும் என்று மீடும், அதே துறையைச் சேர்ந்த ஃபான் ஃபோர்ஸ்டரும் பிற்காலத்தில் பேசியதும் இதைத்தான். நம் தீவுப் பக்கம் பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். மரிக்கொழுந்துப் பாசியை அடியோடு பிடுங்கமாட்டார்கள், வேர்ப்பிடியை விட்டு மேலே கிள்ளுவார்கள். அடுத்த முறை முங்கும்போது அது எவ்வளவு தழைத்திருக்கிறது என்று அவர்கள் விரலுக்கே தெரியும். அதை வைத்து மாதத்துக்கு இத்தனை நாள்தான் என்று ஊரே கட்டுப்பாடு போட்டது. குறி வைத்தவரும் அவர்கள், அளந்தவரும் அவர்கள், குறைத்தவரும் அவர்கள்.

கீழக்கரையான்:
அந்தப் பெண்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் 1986-இல் 21 தீவும் தேசியப் பூங்காவான பிறகு, அவர்கள் அங்கே போவதே குற்றம் என்றாகிவிட்டது. அளக்கிறவரைக் கடலை விட்டு வெளியே நிறுத்தும் சட்டம் அது. முதலில் அதைத் திருத்துவது பற்றிப் பேசுங்கள்.

தொண்டி_பண்ணை:
அதோடு கடனும். வட்டிக்காரரின் நோட்டுக்கு எந்தத் தடைக்காலமும் கிடையாது.

மண்டபம்_ஆசிரியை:
விசைப்படகுக்கு 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற பாக் நீரிணை ஏற்பாடு இரண்டு தரப்பும் மோதிக்கொண்ட பிறகு வந்ததுதான். அதை மீறினால் தகராறு அன்றைக்கே கரையில் தெரிந்துவிடும், தொண்டித் தம்பி கேட்ட சீக்கிரமான பதில் அங்கே இருக்கிறது. மடியின் கண் அளவையும் அதே கூட்டத்தில் வைக்கலாம். காக்கா, தீவுக்குப் போகும் உரிமையை முதல் பொருளாகவும் வட்டியை இரண்டாவதாகவும் வைத்தால் நீங்கள் வருவீர்களா?

கீழக்கரையான்:
வருகிறேன். டிரான்ஸ்பாண்டர் பதிவு யார் கையில் இருக்கும் என்பதையும் மூன்றாவதாக எழுதிக்கொள்ளுங்கள்.