தொலைவழி எண்டோஸ்கோபி பயிற்சி: வழிகாட்ட மூத்தவர்கள் தேவை

குழுவின் மூத்த மருத்துவர்களுக்கு வணக்கம். கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடையே ஒரு கடலோரச் சிறு மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணிபுரிகிறேன். மீன்முள் சிக்கி வருவோர் எங்களுக்குப் புதியவர்கள் அல்லர். கூர்மையான பொருள் உணவுக்குழாயில் நின்றால் இயன்றவரை 2 மணி நேரத்துக்குள், தாமதித்தாலும் 6 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று ஐரோப்பிய வழிகாட்டுநெறி கூறுகிறது. நாங்களோ எண்டோஸ்கோப்பை, அதாவது வாய்வழியே உள்ளே செலுத்தும் கேமரா பொருத்திய குழாயை, கையில் வைத்துக்கொண்டே நோயாளியை மதுரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

குறை பயிற்சியில்தான். இரைப்பைக்குள் குழாயைப் பின்னோக்கி வளைத்து மேற்பகுதியைப் பார்க்க வேண்டிய இடத்தில், இளம் மருத்துவரின் இடது கட்டைவிரல் குழாய் முனையை வளைக்கும் சக்கரத்தின்மேல் தயங்குகிறது. முனை சுவரில் முட்ட, திரை முழுவதும் வெறும் சிவப்பாகிறது. "சற்றே பின்னுக்கு இழுங்கள், காற்றைச் செலுத்துங்கள்" என்று அந்த நொடியில் சொல்ல அனுபவமுள்ள ஒரு குரல் வேண்டும். பதிவு செய்த காணொளியைப் பிறகு பார்த்துத் திருத்துவது இதற்கு ஈடாகாது என்பது என் கருத்து.

ஆகவே, வாரம் இருமுறை காலையில் நேரலையில் இணைந்து வழிகாட்டக்கூடியவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். உள்காட்சி, மருத்துவரின் கைகள் ஆகிய இரண்டையும் ஒருசேரக் காட்ட எண்ணியுள்ளோம். எண்டோஸ்கோப்பின் படத்தைத் திரைக்கு அனுப்பும் பிராசஸரிலிருந்து அதைத் தாமதமின்றி வெளியே எடுக்க எந்த இணைப்பு முறை உங்களுக்குக் கைகொடுத்தது? குரல் பிந்தினால் அறிவுரை பயனற்றுப் போகும். நோயாளியின் ஒப்புதலை எழுத்தில் பெற்று, திரையில் பெயரை மறைத்துவிடுவோம். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் இணையம் அறுந்துபோவதுண்டு என்பதால், தொடக்கத்தில் நாங்களே தனியாக முடிக்கக்கூடிய நோயறி பரிசோதனைகளை மட்டுமே எடுத்துக்கொள்வோம்.