வெயில் மயக்கமா, மருந்து தாக்கியதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பருத்திக்காடு:
நேற்று முன்தினம் அப்பா பருத்திக்கு ப்ரொபெனோபாஸ் என்ற பூச்சிமருந்து அடித்துவிட்டு மத்தியானம் வந்தார். தலை சுற்றுகிறது என்றார், வாந்தி எடுத்தார், சட்டை முழுக்க வியர்வை. வெயில்தான் என்று மோர் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டோம். ஒரு மணி நேரத்தில் வாயிலிருந்து எச்சில் வழிய ஆரம்பித்து, மூச்சு கரகர என்றது. இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார், தேறி வருகிறார். முதலிலேயே எப்படித் தெரிந்துகொண்டிருக்க முடியும்?

வார்டு நர்ஸ்:
கண்ணைப் பாருங்கள். இந்த வகை மருந்து ஏறினால் கருமணி பெரும்பாலும் கடுகு போலச் சுருங்கிவிடும், பார்வை மங்கும். கூடவே கண்ணீர், மூக்கு ஒழுகல், எச்சில், வயிற்றுப்போக்கு என்று எல்லாம் கொட்டும், தோலுக்கடியில் சதை துடிக்கும். வெயில் மயக்கத்தில் இப்படி எல்லாம் சேர்ந்து வராது. சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிட வேண்டும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், மோரும்கூட. நுரையீரலில் போய்விட்டால் அதுவே பெரிய ஆபத்து. ஆஸ்பத்திரியில் இதற்கு மாற்றுமருந்தான அட்ரோபின் ஊசி போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, நெஞ்சு கரகரப்பு அடங்கும்வரை அளவைக் கூட்டிக்கொண்டே போவோம். அதனால் வாய் வறண்டு, சிலர் உளறவும் செய்வார்கள், பயப்படாதீர்கள்.

மேட்டாங்காட்டு விவசாயி:
மருந்து வாய் வழியாகத்தான் போகும் என்று நினைக்கிறோம், தோல் வழியாகவும் நன்றாகவே ஏறும். முதுகில் டேங்க் கசிந்து சட்டை ஊறினால் போதும். 2017-இல் மகாராஷ்டிரா யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் செத்தார்கள், அவர்கள் யாரும் குடிக்கவில்லை. ஆகவே முதல் வேலை, துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தலைமுடி, நக இடுக்கு வரைக்கும் கழுவுவது. கழுவுகிறவர் கையுறை போடட்டும். டப்பாவை லேபிளோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். பாராகுவாட் களைக்கொல்லி என்றால் சிகிச்சையே வேறு, அதற்கு மாற்றுமருந்து கிடையாது.

பருத்திக்காடு:
தெளிவாக இருக்கிறார், கஞ்சி குடித்தார். நாளைக்கே வீட்டுக்குப் போகலாம் என்கிறார்.

வார்டு நர்ஸ்:
டாக்டர் விடும்வரை வேண்டாம். தேறியவருக்கே ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் திடீரென்று கழுத்தும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோவது உண்டு. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள், முடியவில்லை என்றால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

பருத்திக்காடு:
இப்போது தூக்கினார், முடிகிறது. சட்டை இன்னும் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கிறது. அம்மா தொடுவதற்குள் போன் செய்கிறேன்.