ஆர்எக்ஸ் 100 சேஸிஸ் துரு பிடிக்குது, டச்சப் பண்ண எந்த ஸ்ப்ரே பெயின்ட் வாங்கலாம்?

உப்பளத்துக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100, 1994 மாடல், அப்பா வாங்குனது, இப்ப நான் ஓட்டுறேன். ஊரு தூத்துக்குடி. வேலைக்குப் போற வழியில தினமும் உப்பு லாரிக்குப் பின்னாடியேதான் போகணும், அதுல இருந்து ஒழுகுற தண்ணி ரோட்டுல கெடந்து அப்படியே வண்டிக்கு அடியில அடிக்குது. டேங்க்கும் சைடு பேனலும் பெயின்டர்கிட்ட குடுத்து நல்லா பண்ணியாச்சு, ஆனா வெளிய தெரியுற சேஸிஸ் பைப், பின் சக்கரத்தத் தாங்குற ஸ்விங் ஆர்ம் அடிப்பக்கம், சென்டர் ஸ்டாண்ட் மாட்டுற எடம் எல்லாம் பெயின்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பி நிக்குது, நகத்தால கீறுனா செதில் மாதிரி உரிஞ்சு உள்ள ஆரஞ்சு கலர்ல பொடி கொட்டுது. இன்ஜின்ல இருந்து சைலன்சருக்குப் போற பெண்டு பைப்லயும் குரோம் போயி துரு ஏறிருச்சு.

கடையில போயி கேட்டா கிளாஸ் பிளாக் (பளபளப்பு), மேட் பிளாக் (பளபளப்பு இல்லாதது), ஹீட் பெயின்ட், ஜிங்க் ஸ்ப்ரே, 2கேன்னு அஞ்சாறு டப்பாவ எடுத்து முன்னாடி வைக்காங்க, எது எதுக்குன்னு அவங்களுக்கும் சொல்லத் தெரியல. வண்டிய முழுசா பிரிச்சு பவுடர் கோட்டிங் பண்ண இப்ப வழியில்ல, தினமும் வண்டி வேணும். ஞாயித்துக்கெழமை ஒரு நாள்ல பண்ற மாதிரி சொல்லுங்க. துருவுக்கு மேலேயே அடிக்கலாம்னு டப்பாவுல போட்டிருக்கது உண்மையா?

பழைய டூஸ்ட்ரோக்:
தம்பி, டப்பாவ அப்புறம் பாப்போம், மொதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, வண்டி முழுக்க ஒரே பெயின்ட் அடிக்க முடியாது. சேஸிஸுக்கு ஒண்ணு, சூடாகுற எடத்துக்கு வேற ஒண்ணு.

சேஸிஸுக்கு கம்பி பிரஷ் போட்டு உரிய வேண்டியதெல்லாம் உரிச்சுட்டு 80 நம்பர் எமரி பேப்பர் போட்டு வெள்ளையா இரும்பு தெரியுற வரைக்கும் தேய்ங்க. அப்புறம் 220, 320 போட்டு நல்ல பெயின்ட்டும் வெறும் இரும்பும் சேர்ற ஓரத்த கை வச்சா படி தட்டாத அளவுக்கு எறக்குங்க, இந்த ஓரத்த சரியா பண்ணலன்னா மேல எவ்வளவு அடிச்சாலும் அந்த கோடு தெரியும், அங்க இருந்துதான் மறுபடி உரியவும் ஆரம்பிக்கும். வெறும் இரும்புல தண்ணி போட்டு தேய்க்காதீங்க, உங்க ஊர் காத்துக்கு அரை மணி நேரத்துல மஞ்சள் பூத்துரும். தேய்ச்சு முடிச்சதும் தின்னர் தொட்ட துணியால தொடச்சுட்டு, பெயின்ட்டுக்கு அடியில போடுற ப்ரைமர் அடிங்க. பெட்ரோல் போட்டு தொடைக்காதீங்க, ஆயில் கலந்த பெட்ரோலா இருந்தா பெயின்ட் ஒட்டாது.

துருவுக்கு மேலேயே அடிக்கிறது பத்தி: செதில் செதிலா நிக்கிற துரு மேல எத அடிச்சாலும் நிக்காது. குழிக்குள்ள எமரி போகாம கொஞ்சம் துரு தங்கிருக்கும்ல, அதுக்கு மட்டும் ரஸ்ட் கன்வெர்ட்டர்னு துருவ மாத்துற திரவத்த தொட்டு வைங்க, கறுப்பா மாறும், டப்பாவுல போட்டிருக்கிற நேரம் காயவிட்டுட்டு ப்ரைமர் அடிங்க. ஜிங்க் ஸ்ப்ரே நல்லதுதான், ஆனா அது வெறும் இரும்ப நேரா தொட்டாத்தான் வேலை செய்யும், பழைய பெயின்ட் மேலயோ துரு மேலயோ அடிச்சா காசு வேஸ்ட்.

கலர் கிளாஸ் பிளாக் எடுங்க. மேட் அழகா இருக்கும், ஆனா மேற்பரப்பு சொரசொரப்பா இருக்கதால அழுக்கும் உப்பும் புடிச்சுக்கும், கழுவுனாலும் லேசுல போகாது. பெயின்ட் அடிச்சா மட்டும் போதாது, வாராவாரம் கழுவணும்ல.

ஆத்தூர் மெக்கானிக்:
மேல சொன்ன அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி, ஒரே ஒரு விஷயம் விட்டுப்போச்சு, அது எமரி போடுறதுக்கு முன்னாடியே பண்ண வேண்டியது. உப்பு! இரும்புல உப்பு ஒட்டியிருக்கும்போது மேல பெயின்ட் அடிச்சா பெயின்ட்டுக்கு அடியிலயே ஈரத்த இழுத்து மறுபடி கொப்புளம் எழும்பும். மொத நாள் சனிக்கெழமை சாயந்தரம் நல்ல தண்ணி போட்டு அடிப்பக்கம் முழுக்க ரெண்டு மூணு தடவ கழுவுங்க, போர் தண்ணி வேண்டாம் நம்ம பக்கம் அதுவே உப்பு, குழாயில வர்ற தாமிரபரணி தண்ணிய ஒரு குடம் புடிச்சு வச்சுக்கோங்க. ராத்திரி பூரா காய விடுங்க.

அப்புறம் ஆடிக் காத்துல வெளிய வச்சு அடிச்சிராதீங்க, பாதி பெயின்ட் காத்துல போயிரும் மீதிப் பாதியில மண்ணு ஒட்டும். ஐப்பசி மழைக்காலத்துல ஈரப்பதத்துக்கு பளபளப்பு போயி பால் ஊத்துன மாதிரி வெள்ளை பூக்கும். வெயில் வந்த பெறகு காலைல ஒரு ஒம்பது பத்து மணி வாக்குல, காத்து அடிக்காத ஆனா கதவு ஜன்னல் தெறந்த எடத்துல வச்சு பண்ணுங்க.

இன்னொண்ணு, சேஸிஸ் நம்பர் மேல மறக்காம டேப் ஒட்டிருங்க. பெயின்ட் தடிப்பா ஏறிட்டா நாளைக்கு ஆர்சி புதுப்பிக்கவோ பேர் மாத்தவோ போகும்போது பென்சில் வச்சு பிரின்ட் எடுத்தா எழுத்து விழாது, அங்கயே நின்னு தின்னர் போட்டு தேய்க்க வேண்டி வரும். வயரிங் எர்த் சேஸிஸ தொடுற போல்ட்டயும் மூடிருங்க.

நெல்லை ரைடர்:
நான் 2கே பக்கம். சாதா டப்பா பெயின்ட்ல கொஞ்சம் பெட்ரோல் சிந்துனாலே மெழுகு மாதிரி எளகி கையோட வரும், என் வண்டில பெட்ரோல் காக் (டேங்க்குக்கு அடியில பெட்ரோல தெறந்து மூடுற குழாய்) பக்கத்துல அப்படித்தான் போச்சு. 2கே டப்பாவுல பெயின்ட்ட கெட்டியாக்குற ஹார்ட்னர் உள்ளயே தனியா இருக்கும், அடியில இருக்க பட்டன அமுக்குனா கலந்துரும், காஞ்ச பெறகு பெட்ரோல் பட்டாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா பட்டன் அமுக்கிட்டா எடுத்து வைக்க முடியாது, அன்னைக்கே முடிக்கணும், அதனால எல்லாத்தையும் தேய்ச்சு டேப் ஒட்டி ரெடி பண்ணிட்டு கடைசியா அமுக்குங்க.

தயவுசெஞ்சு துணி மாஸ்க் போட்டு 2கே அடிக்காதீங்க. அதுல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலுக்கு ரொம்ப கெடுதல், ஆஸ்துமா வர வச்சிரும். ரெண்டு பக்கமும் ஃபில்டர் கார்ட்ரிட்ஜ் மாட்டுற மாஸ்க் இருந்தா மட்டும் இதத் தொடுங்க. வீட்டுல புள்ளைங்க இருந்தா பக்கத்துலயே விடாதீங்க. மாஸ்க் இல்லன்னா சாதா கிளாஸ் பிளாக்கே அடிச்சுட்டு பெட்ரோல் சிந்துற எடத்த மட்டும் பெயின்டர்கிட்ட விட்டுருங்க.

உப்பளத்துக்காரன்:
ரொம்ப நன்றி. அப்ப பெண்டு பைப்புக்கு அதே ப்ரைமர் அடிச்சுட்டு ஹீட் பெயின்ட் அடிக்கலாமா? ஒரு கோட் எவ்வளவு தடிப்பா போகணும்?

இன்னொரு விஷயம், நேத்து சாயந்தரம் சென்டர் ஸ்டாண்ட் பக்கம் கம்பி பிரஷ் போட்டுப் பாத்தேன், பெரிய செதிலா ஒண்ணு விழுந்துச்சு, அந்த எடத்துல ஸ்க்ரூ டிரைவர் நுனிய வச்சு அமுக்குனா லேசா உள்ள போற மாதிரி இருக்கு.

பழைய டூஸ்ட்ரோக்:
சாதா ப்ரைமர் சைலன்சர் சூட்டுக்கு கருகி மேல இருக்கதையும் சேத்து உரிச்சுட்டு வந்துரும். பெண்டு பைப்ப துரு போக தேய்ச்சு, மிச்சமிருக்க குரோமையும் சொரசொரப்பாக்கி, ஹீட் பெயின்ட்ட நேரா அடிங்க. அது சூட்டுலதான் வேகும், காஞ்ச பெறகு வண்டிய ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு ஆற விடுங்க, அடுத்து பத்து நிமிஷம், அப்படியே ரெண்டு மூணு தடவ. மொத தடவ புகை வரும், பயப்பட வேண்டாம்.

கோட் பத்தி கேட்டீங்கள்ல, எல்லா டப்பாவுக்கும் ஒண்ணுதான்: உள்ள இருக்க குண்டு சத்தம் கேட்க ஆரம்பிச்ச பெறகும் ரெண்டு நிமிஷம் நல்லா குலுக்குங்க, ஒரு சாண் தள்ளி புடிச்சு மெல்லிசா ஓட்டுங்க, மொத கோட்ல அடியில இருக்கது தெரியத்தான் செய்யும், அவசரப்பட்டு மூட நெனச்சா வழிஞ்சிரும். பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டு அடுத்தது, மூணு கோட் போதும். ப்ரைமர் மட்டும் அடிச்சுட்டு வண்டிய ஓட்டாதீங்க, அது ஈரத்த உறிஞ்சும்.

அந்த ஸ்க்ரூ டிரைவர் உள்ள போற எடத்துல பெயின்ட் அடிக்கிற பேச்சே வேண்டாம். அது மேல் துரு இல்ல, தகடு தின்னு போயிருக்கு. ஞாயித்துக்கெழமை வரைக்கும் சென்டர் ஸ்டாண்ட் போடாம சைடு ஸ்டாண்ட்ல நிறுத்துங்க. மொதல்ல வெல்டிங் கடைக்குப் போங்க, டேங்க்க கழட்டி வச்சுட்டு பேட்டரி வயரையும் எடுத்துட்டு, தின்னு போனத வெட்டி எடுத்து புது தகடு வச்சு பத்த வைக்கச் சொல்லுங்க. வெல்டிங் கரிய நல்லா எமரி போட்டு எடுத்துட்டு அன்னைக்கே ப்ரைமர் அடிச்சிருங்க. பத்த வச்சத மேல கீழ ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துப் போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.