பட்டன் தேயவே இல்லை, ஆனாலும் டயர் வெடித்தது

தாம்பரத்திலிருந்து:

அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 2016-இல் வாங்கிய சின்ன கார் எங்களுடையது. ஏழு வருடத்தில் 24,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. கோயில், மருத்துவமனை, வருடத்துக்கு ஒரு முறை ஊர், அவ்வளவே. மற்ற நாளெல்லாம் கூரையில்லாத இடத்தில் வெயிலில் நிற்கும். அந்தக் காரில்தான் 2023 மே மாதம் ஐந்து பேரும் பெரம்பலூருக்குக் கிளம்பினோம். டிக்கி நிறையச் சாமான்.

கிளம்பும் முன் குனிந்து டயரைப் பார்த்தேன். பட்டன், அதாவது டயர் தரையைத் தொடும் பக்கத்தில் இருக்கும் ரப்பர் மேடுகள், புதிது போலவே இருந்தது. போன மாதம்தானே காற்றுப் பிடித்தோம் என்று காற்றை மட்டும் பார்க்கவில்லை.

விழுப்புரம் தாண்டி, உளுந்தூர்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், மதியம் ஒன்றரை மணி. வேகம் 95 இருக்கும். பின்னால் இடப்பக்கம் தடதடவென்று ஓர் அதிர்வு. சாலைதான் சரியில்லை என்று நினைத்தேன். அரை நிமிடத்தில் வெடித்தது. காரின் பின்பக்கம் அப்படியே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. என் கால் பிரேக்கை நோக்கிப் போகும்போதே "பிரேக்கைத் தொடாதே, ஸ்டீயரிங்கை விடாதே" என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர் அவர். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்திருந்தேன். வேகம் தானாகக் குறைந்த பிறகுதான் ஓரம் கட்டினேன். என் மகள் நெடுநேரம் பேசவே இல்லை.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மெதுவாக உருட்டிப்போய்ச் சேர்ந்தது சாலையோரப் பஞ்சர் கடை. கடைக்காரர் கிழிந்த டயரைத் திருப்பிப் போட்டு, பக்கச் சுவரில் ஈரத்துணியால் துடைத்து ஓர் இடத்தைக் காட்டினார். நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 2216. "2016-ஆம் வருடம், 22-ஆவது வாரம் செய்தது. பட்டன் இருக்கிறது சார், ரப்பர் செத்துவிட்டது" என்றார். உற்றுப் பார்த்தால் பக்கச் சுவர் முழுக்க முடி போல மெல்லிய வெடிப்புகள். மற்ற மூன்று டயரிலும் அப்படியேதான்.

அந்த மூன்றிலும் காற்றை அளந்தார். 27 காட்டியது. ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடுதலாகத்தான் தெரியும். அப்படியும் 27 என்றால் காலையில் 23, 24-தான் இருந்திருக்க வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில், ஆள் நிறைந்தால் பின் டயருக்கு 36 என்று போட்டிருக்கிறது. அந்த ஸ்டிக்கரை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது, அந்த மடிப்பில்தான் சூடு ஏறுகிறது. மே மாதத் தார்ச்சாலை, ஐந்து பேர் பாரம், ஏழு வருடத்து ரப்பர்.

அப்பாவுக்கு இது பெரிய அதிர்ச்சி. அவர் ஓட்டிய பஸ்களில் டயர் கிழடாவதற்குள் தேய்ந்துவிடும். தேயாமலே ஒரு டயர் முடிந்துபோகும் என்பது அவர் அனுபவத்திலேயே இல்லை. குறைவாக ஓடும் கார் வைத்திருப்பவர்கள், முக்கியமாகப் பெரியவர்களுடைய கார் நிற்கும் வீட்டுக்காரர்கள், தயவுசெய்து இன்றே போய் அந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

படித்ததும் வயிறு கலங்கியது. எல்லோரும் நலமாக வந்ததே போதும் ஐயா. என் அனுபவம் விளக்கைப் பற்றியது.

எட்டு வருடக் கார். இரவில் வெளிச்சம் போதவில்லை என்று ஒரு கடையில் சொன்னேன். 100/90 வாட் பல்பு (பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90) போட்டுக் கொடுத்தார்கள். பழையது 60/55 வாட். முதல் வாரம் சாலை பகல் போலத் தெரிந்தது, எனக்கும் சந்தோஷம். மூன்றாவது மாதம் வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது பொழுது சாய்ந்து பனி மூட்டம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, பிளாஸ்டிக் கருகும் நாற்றம். அடுத்த வளைவில் இடது விளக்கு அணைந்தது. ஒரே கண்ணோடு மீதி மலையை இறங்கினேன். எதிரே வந்தவர்கள் என்னை மோட்டார் சைக்கிள் என்று நினைத்து நெருங்கி வந்தார்கள், அதுதான் இன்றும் நினைவில் நிற்கிறது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் ஹோல்டரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒரு முனை உருகி வழிந்து இறுகியிருந்தது. 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் போதும். 100 வாட் எட்டுக்கு மேல் இழுக்கும். அந்தக் கம்பியும் ஹோல்டரும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. உண்மையில் பல்பில் குறையே இல்லை, வெயிலில் மஞ்சளித்துப்போன முகப்பு விளக்கின் பிளாஸ்டிக் மூடிதான் வெளிச்சத்தை விழுங்கியிருக்கிறது. அதைத் தேய்த்து மெருகேற்றி, பழைய வாட் பல்பையே போட்டதும் வெளிச்சம் திரும்பிவிட்டது.

அவர் சொன்ன இன்னும் இரண்டு: ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். பின்னால் பாரம் ஏற்றினால் காரின் மூக்கு நிமிர்ந்து, டிம் லைட்டும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு குமிழ் இருந்தால், அது அப்போது வெளிச்சத்தைத் தாழ்த்துவதற்குத்தான்.

நாகர்கோவிலிலிருந்து:

பிரேக் லைட் எரியாதது ஓட்டுபவருக்குத் தெரியாது. இரவில் காரைச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தி பிரேக்கை மிதித்துக் கண்ணாடியில் பாருங்கள். இரண்டு பக்கமும் சுவர் சிவக்க வேண்டும். இண்டிகேட்டர் திடீரென்று இரட்டை வேகத்தில் டிக்டிக் என்று அடித்தால், பெரும்பாலும் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது என்று பொருள்.

மதுரையிலிருந்து:

நானும் மாமியாரும் மட்டும் மேலூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு எட்டரை மணி, பஞ்சர். டயர் மாற்றுவதை வீடியோவில் பார்த்திருக்கிறேன் என்ற தைரியத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்கினேன். நட்டைத் திருகினால் சக்கரம்தான் சுற்றுகிறது. மாமியார் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், லாரிகள் உரசுவது போலப் போகின்றன. டிராக்டரில் வந்த ஒரு பெரியவர் இறங்கி, "முதலில் ஜாக்கியை இறக்கும்மா. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்து, பிறகு தூக்கு" என்றார். இறக்கிவிட்டுத் திருகினேன். அப்போதும் அசையவில்லை. போன சர்வீஸில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கிய நட்டுகள். அவர் டிராக்டரிலிருந்து இரண்டடி இரும்புக் குழாயை எடுத்து வந்து ஸ்பேனரில் செருகிக் கொடுத்தார். என் கைக்கே சுலபமாகத் திரும்பியது. அவர் மாற்றித் தரவில்லை, என்னையே மாற்றச் சொல்லிப் பக்கத்தில் நின்றார். அந்த மனிதரை நான் மறக்க மாட்டேன்.

ஸ்டெப்னியை மாட்டி ஜாக்கியை இறக்கியதும் அதுவும் தரையோடு அமுங்கியது. வாங்கியதிலிருந்து அதற்குக் காற்றே பிடித்ததில்லை. அந்தப் பெரியவரின் தம்பி வந்து சக்கரத்தைக் கொண்டுபோய்க் காற்றடித்துக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பழகினேன். நட்டுகளை எதிரெதிராக முறுக்க வேண்டும், அடுத்தடுத்து அல்ல. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவை முறுக்கிப் பார்க்க வேண்டும். இப்போது டிக்கியில் ஓர் இரும்புக் குழாயும் சிவப்பு முக்கோணமும் எப்போதும் இருக்கின்றன. காற்றுப் பிடிக்கும்போது "ஐந்து சக்கரம்" என்று சொல்லித்தான் கேட்கிறேன்.

சேலத்திலிருந்து:

நைட்ரஜன் பிடித்தால் சூடேறாது, வெடிக்காது என்கிறார்களே, உண்மையா? தாம்பரத்து நண்பர் இப்போது எதைப் பிடிக்கிறார்?

தாம்பரத்திலிருந்து:

சாதாரணக் காற்றுதான். அதிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, காலையில் வண்டி ஓடுவதற்கு முன், வீட்டிலேயே கைக்கருவியால் அளந்துவிடுகிறேன். எதைப் பிடித்தாலும் அளக்காமல் விட்டால் எங்களுக்கு ஆனதுதான் ஆகும். மதுரைச் சகோதரி ஸ்டெப்னியைப் பற்றி எழுதியது முற்றிலும் சரி. எங்கள் ஸ்டெப்னி ஒரு நாளும் தரையைத் தொட்டதில்லை, ஆனாலும் அதிலும் 2216 என்றுதான் இருந்தது. ஐந்தையும் மாற்றினோம். புது டயரைக் கடைக்காரர் ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றிலும் வாரத்தையும் வருடத்தையும் படித்துக் குறித்துக்கொண்டார்.

இப்போது காலை நடையின்போது எங்கள் குடியிருப்பில் நிற்கும் கார்களின் பக்கம் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வருகிறார். போன வாரம் மூன்றாம் மாடிக்காரர் காரில் 0914 என்று படித்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் அவர் வீட்டு அழைப்பு மணியை அழுத்தப் போய்விட்டார்.