காட்டுத்தீயை முதலில் பார்ப்பது யார்? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

போடி பக்கத்துக்காரர்

சாட்டிலைட்டே தீயைப் பார்த்து எஸ்.எம்.எஸ். அனுப்பிவிடுகிறதே, அப்புறம் எதற்கு மலையில் ஆளைப் போட்டு வைக்கிறார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் பக்கம் நான் பார்த்தது வேறு.

மாசி பிறந்தால் எங்கள் மலைச்சரிவில் ஆளுயரப் புல் சுத்தமாகக் காய்ந்துவிடும், ஒரு பீடித்துண்டு போதும். 2018 மார்ச் 11 அன்று எங்கள் போடி பக்கத்துக் குரங்கணியில் மலையேறப் போனவர்களைத் தீ வளைத்துக்கொண்டது, 23 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பு மலையில் புகையைப் பார்த்தால் "எவனோ புல்லுக்குத் தீ வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். இப்போது போனை எடுக்கிறோம்.

டேராடூனில் இருக்கிற இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் சாட்டிலைட்டை வைத்துக் காட்டுத்தீயைக் கவனிக்கிறது. பதிவு செய்துகொண்டால் யாருக்கும் எஸ்.எம்.எஸ். வரும், எனக்கும் வருகிறது. முதலில் மோடிஸ் என்ற கருவி, அதன் படத்தில் ஒரு புள்ளி என்றால் ஒரு கிலோமீட்டர் அகலம். பிறகு விஐஐஆர்எஸ் வந்தது, அது 375 மீட்டர். முன்னேற்றம்தான், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு புள்ளிக்குள் ஏறக்குறைய 35 ஏக்கர் அடங்கும். அந்த 35 ஏக்கரில் தீ எந்த மடிப்பில் இருக்கிறது என்று நடந்துபோகிறவன்தான் தேட வேண்டும். இன்னொன்று, விஐஐஆர்எஸ் இருக்கிற சாட்டிலைட்டுகள் நம் தலைக்கு மேல் போவது மதியம் ஒன்றரைக்கு முன்னே பின்னே, அப்புறம் இரவு ஒன்றரை வாக்கில். மூன்று மணிக்குப் பிடித்த தீயை அவை பார்க்க நள்ளிரவு தாண்டிவிடும். வெயிலும் காற்றும் சேர்ந்து தீ மேட்டைப் பார்த்து ஓடுகிற நேரமோ அந்த மூன்று மணிதான்.

ஒரு பங்குனி மாதம் அப்படித்தான் மூன்று மணிக்கு மேல் சரிவில் புகை தெரிந்தது. மலையில் காவலுக்கு இருக்கிற, எனக்குத் தெரிந்த வனத்துறை வாட்சருக்குப் போன் போட்டேன். அவர் எந்த இடம் என்றுகூட முதலில் கேட்கவில்லை. "புகை நேரா எந்திரிக்குதா, சாயுதாண்ணே? அடி தெரியுதா, இல்ல மேட்டுக்கு அந்தாண்ட இருந்து வருதா?" என்றார். சாய்ந்தால் காற்று எந்தப் பக்கம், தீ எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியும். அடி தெரிந்தால் நம் பக்கச் சரிவு, தெரியாவிட்டால் மறுபக்கம், அதற்கு வேறு வழியாக ஏற வேண்டும். இருட்டுவதற்குள் நான்கைந்து பேர் பச்சைத் தழையை ஒடித்து அடித்தே அணைத்துவிட்டார்கள்.

எஸ்.எம்.எஸ். வரவே இல்லை. இரவு சாட்டிலைட் வந்தபோது பார்க்க அங்கே தீ இல்லையே! ஆக, சீக்கிரம் பிடித்த தீ எந்தக் கணக்கிலும் ஏறாது, விட்ட தீதான் ஏறும். அடுத்த வருஷம் "உங்க ஏரியாவில் அலர்ட்டே இல்லையே, இத்தனை ஆள் எதுக்கு?" என்று ஒரு அதிகாரி கேட்டாராம். அந்த வாட்சர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மசினகுடியிலிருந்து

அண்ணன் சொன்னதற்கு நேர் எதிராகவும் நடக்கும். தீக்காலத்துக்கு முன்னால் தீத்தடுப்புக் கோடு போடுவோம், அதாவது ரோட்டோரமும் எல்லை ஓரமும் புல்லை வெட்டி, காயவிட்டு, காவலுக்கு ஆள் நிற்க நாமே எரித்துவிடுவது. அதுவும் சாட்டிலைட்டுக்குத் தீதான். நாங்கள் வைத்த தீக்கே எங்களுக்கு எஸ்.எம்.எஸ். வந்தால் எப்படி இருக்கும்!

எங்கள் காடு இலையுதிர் காடு. தேக்கு இலை கொட்டிக் கிடக்கும்போது தீ தரையோடு சருகில் மெதுவாக ஊர்ந்து போகும், உண்ணிச்செடிப் புதரில் ஏறினால்தான் மேலே எழும்பும். சருகில் ஊர்கிற வரைக்கும் பல சமயம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதை மூக்குதான் கண்டுபிடிக்கும். எங்கள் ஆட்களில் ஒரு இருளர் பெரியவர் காற்றை மோந்து பார்த்துவிட்டு இது சருகுப் புகை, இது சாணி மூட்டம் என்று பிரித்துச் சொல்வார், நான் இன்றைக்கும் முயற்சி செய்கிறேன், வரவில்லை. 2019 பிப்ரவரியில் கர்நாடகப் பக்கம் பந்திப்பூர் காடு எரிந்தபோது எல்லைக்கு இந்தப் பக்கம் எல்லோருக்கும் புகை வாசம்தான், எது புதுத் தீ, எது அங்கிருந்து வருவது என்று புரியாமல் திண்டாடினோம்.

இரவில் எஸ்.எம்.எஸ். வந்தாலும் உடனே கிளம்ப முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். யானைக் காட்டில் டார்ச்சும் தழையும் வைத்துக்கொண்டு யாரை அனுப்புவது? நள்ளிரவு அலர்ட் பாதி நாள் விடிகாலை வேலைதான்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்

இங்கே மலை உச்சிகளில் ஆயிரத்துக்கும் மேல் கேமரா வைத்திருக்கிறார்கள், அலர்ட் கலிஃபோர்னியா என்று பெயர். 2023 முதல் புகையைக் கண்டுபிடிக்க ஏ.ஐ.யும் சேர்த்துவிட்டார்கள். யாரும் கூப்பிடுவதற்கு முன்பே பல தீ பிடிபடுகிறது, உண்மைதான். ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸில் 2025 ஜனவரி 7 அன்று கிளம்பிய பாலிசேட்ஸ் தீயைப் பாருங்கள். அது புதுத் தீயே இல்லை, ஜனவரி 1 அன்று வைக்கப்பட்ட சின்னத் தீ அணைத்த பிறகும் மண்ணுக்கடியில் வேரில் கனன்றுகொண்டிருந்து, காற்று வந்ததும் கிளம்பியது என்று அரசுத் தரப்பு வழக்கே போட்டிருக்கிறது. மண்ணுக்கடியில் கிடக்கிற கங்குக்குக் கேமரா என்ன செய்யும்?

போடி பக்கத்துக்காரர்

வேர்க் கங்கு பற்றி நல்லவேளை சொன்னீர்கள். அன்றைக்கு அணைத்தவர்களும் மறுநாள் காலை தண்ணீர்க் கேனோடு திரும்ப ஏறினார்கள், பட்ட மரக்கட்டை ஒன்று உள்ளே எரிந்துகொண்டிருந்ததாம், புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். மசினகுடிக்காரரே, தீத்தடுப்புக் கோட்டில் புல்லை எரிக்கிற நாளை முன்கூட்டியே சொல்லி வைக்க ஏதாவது ஏற்பாடு உண்டா? எங்கள் பக்கம் புகையைப் பார்த்துவிட்டுப் பத்து பேர் ரேஞ்ச் ஆபீஸுக்குப் போன் போட்டுத் திட்டு வாங்குகிறோம்.